விஎம் டிஸ்க்கை முழுதாகக் கொப்பி எடுக்காமல் அடுத்த கணினியில் திறப்பது எப்படி?

"அண்ணை, சேர்வரில கிடக்கிற விஎம்மின்ர டிஸ்க்குக்குள்ள ஒரேயொரு ஃபைல்தான் வேணும். அதுக்கு முழு டிஸ்க்கையும் கொப்பி பண்ணிக்கொண்டு இருக்கோணுமோ?"

யாழ்ப்பாணத்தில் சிறிய கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சேர்வர் போட்டுக் கொடுக்கும் பொடியள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது (விஎம் என்றால், ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி). தேவையில்லை. டிஸ்க் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், அதன் பைட்டுகளை மட்டும் வயர் வழியாகக் கேட்டு வாங்கலாம். அதற்கென்று என்பிடி என்றொரு நெறிமுறை இருக்கிறது. அதன் விரிவு 'நெட்வேர்க் பிளாக் டிவைஸ்'.

கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடை என்று வைத்துக்கொள்வோம். பின்னறையில் ஒரு லினக்ஸ் சேர்வர். அதில் கேவிஎம் என்ற லினக்ஸ் வசதி வழியாக ஒரு விண்டோஸ் விஎம் ஓடுகிறது, பில் போடும் மென்பொருள் அதற்குள்ளே. ஒருநாள் அந்த விண்டோஸ் எழும்பவில்லை. உள்ளேயிருக்கும் தரவுத்தளக் கோப்பு மட்டும் கிடைத்தால் முதலாளிக்கு மூச்சு வரும். டிஸ்க் கோப்போ வளர்ந்து வளர்ந்து 200 ஜிகாபைட் ஆகிவிட்டது. கடையில் உள்ள பழைய 100 மெகாபிட் சுவிட்ச் வழியாக அதை இழுத்தால், ஒரு சொட்டும் வீணாகாமல் போனாலும் நாலரை மணித்தியாலம் பிடிக்கும். நடுவில் கரண்ட் போனால் திரும்பவும் முதலில் இருந்து. வேண்டிய கோப்பு சில நூறு மெகாபைட்தான்.

இந்த இடத்தில் பலருக்கு முதலில் தோன்றுவது சம்பா, அதாவது வலையமைப்பில் ஃபோல்டர்களைப் பகிரும் மென்பொருள். "அந்த ஃபோல்டரைப் பகிர்ந்து விட்டால் போதாதா?" போதாது. விஎம்மின் டிஸ்க் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சாதாரணக் கோப்பு. விஎம்மை ஓட்டும் மென்பொருளான கியூஎமுவையும் கேவிஎம்மையும் பாவிப்பவர்களிடம் அது பெரும்பாலும் கியூகவ்2 வடிவத்தில் இருக்கும். விஎம்வேர் என்றால் விஎம்டிகே, வேர்ச்சுவல்பாக்ஸ் என்றால் விடிஐ, மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி என்றால் விஎச்டிஎக்ஸ். சம்பா பகிர்வது இந்த வெளிக் கோப்பை. உள்ளேயிருக்கும் சி டிரைவை அதனால் காட்ட முடியாது.

கியூகவ்2 கோப்பின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பார்த்தால் காரணம் விளங்கும். விஎம்முக்குள் இருக்கும் விண்டோஸ், தன்னிடம் 200 ஜிகாபைட் நீளமான ஒரே சீரான டிஸ்க் இருப்பதாக நம்புகிறது. உண்மையில் கியூஎமு அந்த நீளத்தை 64 கிலோபைட் துண்டுகளாகப் பிரித்து, எழுதப்பட்ட துண்டுகளை மட்டும், எழுதப்பட்ட ஒழுங்கில் கோப்புக்குள் அடுக்கி வைக்கிறது. விண்டோஸுக்கு முதலாவதாகத் தெரியும் துண்டு கோப்பின் நடுவில் கிடக்கலாம். கடைசித் துண்டு தொடக்கத்திலேயே கிடக்கலாம். எது எங்கே என்று சொல்வதற்கு இரண்டு அடுக்கு அட்டவணைகள் உண்டு. ஸ்னாப்ஷொட் (ஒரு கணத்தில் டிஸ்க் இருந்த நிலையின் பதிவு) எடுத்திருந்தால், அல்லது ஒரு மூலக் கோப்பின்மேல் இன்னொரு கோப்பை ஏற்றியிருந்தால், சிக்கல் இன்னும் கூடும். அழிந்த கோப்பை மீட்கும் கருவி, பேக்கப் மென்பொருள், டிஸ்க்கை ஒரு ஃபோல்டராகத் திறந்து காட்டும் சாதாரண லினக்ஸ் மவுண்ட் கட்டளை எல்லாம் இந்த அட்டவணைகளைப் படிக்கத் தெரியாதவை. அவற்றுக்கு வேண்டியது சீராக விரித்த டிஸ்க்.

விரித்துக் கொடுக்கும் வேலையைச் சேர்வர் பக்கத்தில் ஒரு மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. மறுபக்கத்தில் இருப்பவருக்குக் கியூகவ்2 என்ற பெயரே தெரிந்திருக்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் பங்குக் கிணறு பற்றிய வரி வரும். கிணறு உங்கள் வளவுக்குள் இருக்காது, ஆனால் அதில் தண்ணீர் அள்ளவும் அதற்குப் போய்வரவும் உங்களுக்கு உரிமை உண்டு. என்பிடி கொடுப்பதும் இப்படியான உரிமைதான். டிஸ்க் அங்கே இருக்கிறது, தேவையான பைட்டை நீங்கள் அள்ளிக்கொள்கிறீர்கள். ஒரு முக்கியமான இடத்தில் இந்த ஒப்புமை பிழைக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

என்பிடி புதிய சரக்கு அல்ல. பாவெல் மாஹெக் என்ற செக் நாட்டு நிரலர் 1997இல் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலுக்காக எழுதியது. பிறகு பெல்ஜியத்தைச் சேர்ந்த வௌட்டர் வெர்ஹெல்ஸ்ட் அதைப் பராமரித்து, நெறிமுறையையும் ஆவணமாக்கி வளர்த்தார். இத்தனை வருடம் தாக்குப்பிடித்ததற்கு அதன் எளிமைதான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

எவ்வளவு எளிமை என்று பாருங்கள். கிளையன்ட் (டிஸ்க்கைக் கேட்கும் பக்கம்) வந்து தொட்டதும் சேர்வர் 'என்பிடிமேஜிக்' என்ற எட்டு எழுத்துச் சொல்லை ஆங்கிலத்தில் அனுப்பும். அதன் பின்னால் 'என்னிடம் தெரிவுகள் உண்டு' என்று பொருள்படும் இன்னொரு எட்டெழுத்து. அதற்குப் பிறகு பேரம்: எந்த டிஸ்க் வேண்டும், அதன் பெயர் என்ன, நீளம் எவ்வளவு, எழுதலாமா, வாசிக்க மட்டுமா, இணைப்பைக் குறியாக்கம் செய்வோமா. பேரம் முடிந்தால் மிச்சமெல்லாம் கேள்வியும் பதிலும்தான்.

ஒரு கேள்வியின் தலைப்பகுதி வெறும் 28 பைட். முதல் 4 பைட்டில் பதினறும எண்ணாக 25609513 என்ற அடையாளம். பிறகு 2 பைட் கொடிகள், 2 பைட்டில் என்ன வேலை என்பது, 8 பைட்டில் இந்தக் கேள்விக்கான துண்டுச்சீட்டு எண், 8 பைட்டில் டிஸ்க்கின் எந்த இடம், கடைசி 4 பைட்டில் எவ்வளவு நீளம். உதாரணமாக, "தொடக்கத்திலிருந்து 10,48,576 பைட் தள்ளி, அங்கிருந்து 4,096 பைட் தா." முதல் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு) பெரும்பாலும் தொடங்கும் இடம் அது. எளிய பதிலின் தலைப்பகுதி 16 பைட்: அடையாளம், பிழை ஏதும் உண்டா என்ற எண், அதே துண்டுச்சீட்டு எண். பின்னால் கேட்ட பைட்டுகள் வரும். சீட்டு எண் இருப்பதால் சேர்வர் பதில்களை எந்த ஒழுங்கிலும் அனுப்பலாம், கிளையன்டும் ஒன்றுக்காகக் காத்திராமல் அடுத்தடுத்த கேள்விகளைத் தள்ளிக்கொண்டே போகலாம்.

இந்த 28 பைட்டுக்குள் கோப்பின் பெயரோ ஃபோல்டரோ எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இடமும் நீளமும் மட்டும்தான். விண்டோஸில் பிட்லாக்கர் போட்டிருந்தால் என்பிடி அந்தப் பூட்டிய பைட்டுகளை அப்படியே தரும். சாவி உங்களிடம் இல்லையென்றால் குப்பைதான் கிடைக்கும்.

வேலைகளின் பட்டியலும் நீளமானதல்ல. வாசி, எழுது, சுழியத்தால் நிரப்பு, இந்த இடம் இனி வேண்டாம் என்று விடு, போய்வருகிறேன். இரண்டு வேலைகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

ஒன்று, எந்தப் பகுதியில் தரவு இருக்கிறது, எது வெறும் ஓட்டை என்று கேட்பது. 200 ஜிகாபைட் டிஸ்க்கில் 30 ஜிகாபைட்தான் எழுதப்பட்டிருந்தால், விவரம் தெரிந்த கிளையன்ட் முதலில் இதைக் கேட்டுக்கொண்டு அந்த 30ஐ மட்டும் இழுக்கும். சுழியங்களை வயரில் அனுப்பி நேரம் கழிக்காது.

மற்றது ஃப்ளஷ். சேர்வர் "எழுதிவிட்டேன்" என்று சொன்னாலும் அந்த பைட்டுகள் இன்னும் நினைவகத்திலேயே நிற்கலாம். ஃப்ளஷ் கேட்டு, அதற்குச் சரி என்று பதில் வந்த பிறகுதான் அவை டிஸ்க்கில் இறங்கிவிட்டன என்று நம்பலாம். இதை அறிந்த கோப்பு முறைமைகள் (டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைப்பவை) முக்கியமான இடங்களில் தாமாகவே ஃப்ளஷ் கேட்கும். ஆனால் சில இணையப் பக்கங்களில் வேகம் கூடும் என்று சொல்லி கேஷ் தெரிவை 'அன்சேஃப்' என்று வைக்கச் சொல்வார்கள். அப்படி வைத்தால் கியூஎமு ஃப்ளஷ்ஷைக் காதில் போட்டுக்கொள்ளாது. சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரம் போகிற ஊரில், யூபிஎஸ் பற்றரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று தெரியாத கடையில், தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

இனி நகைக்கடைக்கு வருவோம். முதல் வேலை விஎம்மை முற்றாக நிறுத்துவது. பிறகு சேர்வரில் கியூஎமு-என்பிடி என்ற கருவியை ஓடவிடவேண்டும். அது கியூஎமுவோடு சேர்ந்து வருவது, உபுண்டு, டெபியனில் கியூஎமு-யூட்டில்ஸ் என்ற பொதியில் கிடைக்கும். அதற்குச் சில விவரங்கள் சொல்லவேண்டும்: கோப்பு எங்கே, அதன் வடிவம் கியூகவ்2, வாசிக்க மட்டும், எந்த ஐபி முகவரியில் காது கொடுக்கவேண்டும், இந்த டிஸ்க்குக்கு வெளியே என்ன பெயர். போர்ட் சொல்லாவிட்டால் என்பிடிக்கென்று பதிவான 10809ஐ எடுத்துக்கொள்ளும்.

வடிவத்தைச் சொல்லாமல் விட்டாலும் அது தானே ஊகித்துக்கொள்ளும், ஆனால் சொல்லிவிடுங்கள். உறை இல்லாத 'ரோ' வகை டிஸ்க்காக இருந்தால், விஎம்முக்குள் இருக்கும் கெட்ட எண்ணக்காரர் ஒருவர் டிஸ்க்கின் தொடக்கத்தில் கியூகவ்2 தலைப்பைப் போல எழுதி வைத்து, சேர்வரில் உள்ள வேறொரு கோப்பை அதற்கு மூலமாகக் காட்டிவிடலாம். ஊகிக்க விட்டால் கருவி அதை நம்பிவிடும்.

புதியவர்கள் முழிக்கும் இடம் ஒன்று இங்கே உண்டு. கியூஎமு-என்பிடி இயல்பாக ஒரு நேரத்தில் ஒரு கிளையன்டை மட்டுமே ஏற்கும், அந்த ஆள் போனதும் தானும் கடையைப் பூட்டிவிடும். இணைப்பு சரியா என்று பார்க்க என்பிடிஇன்ஃபோ என்ற கருவியால் ஒருமுறை தொட்டால் விவரமெல்லாம் அழகாக வரும். சந்தோஷமாக அடுத்த கட்டளையைக் கொடுத்தால் "இணைப்பு மறுக்கப்பட்டது". ஃபயர்வோலையும் ரௌட்டரையும் குடைந்துகொண்டு இருப்பார்கள், சேர்வர் எப்போதோ போய்விட்டிருக்கும். 'பெர்சிஸ்டன்ட்' என்ற தெரிவைச் சேர்த்தால் அது நின்று நிலைக்கும்.

லாப்டொப் பக்கம், லினக்ஸ் என்றால், என்பிடி என்ற கேர்னல் மொடியூலை ஏற்றி, என்பிடி-கிளையன்ட் கட்டளையால் சேர்வரின் முகவரியையும் டிஸ்க்கின் பெயரையும் கொடுத்தால், டெவ் அடைவுக்குள் இருக்கும் என்பிடி0 உயிர் பெறும். அதன் கீழே பார்ட்டிஷன்கள் என்பிடி0பி1, என்பிடி0பி2 என்று வரிசையாகத் தெரியும். (பழைய கேர்னலில் பார்ட்டிஷன்கள் தெரியாவிட்டால், மொடியூலை ஏற்றும்போது மேக்ஸ்-பார்ட் அளவைக் கூட்டவேண்டும்.) விண்டோஸ் டிஸ்க்கில் நாலு பார்ட்டிஷன்கூட இருக்கும். எது எல்லாவற்றிலும் பெரியதோ அதுதான் பெரும்பாலும் சி டிரைவ். அதை வாசிக்க மட்டும் என்று மவுண்ட் செய்து, தரவுத்தளக் கோப்பைக் கொப்பி எடுத்தால் வந்த காரியம் முடிந்தது. வயரில் போனது அந்தக் கோப்பும், அதைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்ட அட்டவணைகளும் மட்டும்தான்.

உள்ளே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இருந்து, அது திடீரென்று நின்றுபோயிருந்தால் லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 கொஞ்சம் அடம்பிடிக்கும். வாசிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தாலும் அது ஜேர்னலை (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டை) முதலில் ஓட்டிச் சரிசெய்யப் பார்க்கும், அதற்கு எழுதவேண்டும், எழுத வழியில்லை, ஆகவே மவுண்ட் தோற்கும். 'நோலோட்' தெரிவைக் கொடுத்தால் ஜேர்னலை விட்டுவிட்டுத் திறக்கும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் அந்தத் தெரிவின் பெயர் 'நோரெக்கவரி'. வேலை முடிந்ததும் முதலில் அன்மவுண்ட், பிறகு என்பிடி இணைப்பைத் துண்டிப்பது. ஒழுங்கு மாறினால் மவுண்ட் செய்த இடத்தைத் தொடும் ஒவ்வொரு நிரலும் உள்ளீட்டு-வெளியீட்டுப் பிழை என்று கத்தும்.

மவுண்ட் செய்வது ஒரு வழி மட்டும்தான். கேர்னலைத் தொடாமல், ரூட் அனுமதியும் இல்லாமல், நிரல்கள் நேரடியாகவே என்பிடி பேசலாம். அதற்கு லிப்என்பிடி என்ற நூலகம் இருக்கிறது. பைத்தானிலிருந்தும் அதைக் கூப்பிடலாம். அதனோடு வரும் என்பிடிகொப்பி, டிஸ்க் முழுவதையும் வேகமாக இழுக்கும். என்பிடிஃபியூஸ் தூரத்து டிஸ்க்கை உங்கள் அடைவில் ஒரு சாதாரணக் கோப்பைப்போலக் காட்டும், எந்த மென்பொருளும் அதைத் திறக்கலாம். சேர்வர் பக்கத்துக்கு என்பிடிகிட் என்று இன்னொன்று. அதில் செருகிகள் மாற்றி மாற்றிப் போடலாம், விஎம்வேர் டிஸ்க்கையும் சுருக்கிய கோப்பையும் இணையத்தில் கிடக்கும் இமேஜையும்கூட என்பிடியாக மாற்றித் தரும். ஒரு எச்சரிக்கை: விஎம்வேரின் ஆவணங்களிலும் என்பிடி என்ற பெயரில் ஒரு கடத்தல் முறை வரும். அது வேறு, இது வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று.

இப்போது கிணறு பிழைக்கும் இடம். பங்குக் கிணற்றில் நாலு வீட்டுக்காரர் ஒரே நேரத்தில் அள்ளலாம், தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது. டிஸ்க் அப்படியல்ல. வாசிப்பவர்கள் எத்தனை பேராகவும் இருக்கலாம், ஆனால் எழுதுபவர் ஒருவர் இருக்கும்போது வேறொருவர் அதே கோப்பு முறைமையை மவுண்ட் செய்தால் நாசம். ஏனென்றால் எக்ஸ்ட்4ஓ விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸோ, டிஸ்க் முழுவதும் தனக்கு மட்டுமே சொந்தம் என்ற நினைப்பில் எழுதப்பட்டவை. எந்த இடம் காலி என்ற கணக்கைத் தம் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும், டிஸ்க்கைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில்லை. இரண்டு கணினிகள் ஒரே காலி இடத்தை இரண்டு கோப்புகளுக்குக் கொடுத்துவிடும். அந்த நேரம் ஒரு பிழையும் காட்டாது. கிழமைகள் கழித்து ஏதோ ஒரு பில் கோப்பு திறக்காதபோதுதான் தெரியவரும். என்பிடிக்கு இதைத் தடுக்கும் வழியில்லை, அதற்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாதே.

கியூஎமு தன் பக்கத்தில் ஒரு காவல் போட்டிருக்கிறது. 2017இல் வெளிவந்த 2.10 பதிப்பிலிருந்து, ஓடும் விஎம்மின் டிஸ்க் கோப்புக்கு அது பூட்டுப் போடும். அதே கோப்பை இன்னொரு கியூஎமு கருவியால் திறக்கப்போனால், எழுதும் பூட்டு கிடைக்கவில்லை என்று மறுக்கும். அந்தச் செய்தியைக் கண்டதும் பூட்டைத் தாண்டிப்போகும் தெரிவைத் தேடாதீர்கள். விஎம் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அப்படியானால் கடை நேரத்தில், விஎம் ஓடும்போதே, பேக்கப் எடுக்க வழியில்லையா? உண்டு. ஓடுகிற கியூஎமுவுக்குள்ளேயே ஒரு என்பிடி சேர்வர் இருக்கிறது. அதனிடம், "இந்தக் கணத்தில் டிஸ்க் எப்படி இருந்ததோ அந்த நிலையை எனக்குக் காட்டு" என்று கேட்கலாம். அதற்குப் பிறகு விண்டோஸ் ஏதாவது ஒரு துண்டை மாற்றி எழுத வரும்போது, கியூஎமு அந்தத் துண்டின் பழைய உள்ளடக்கத்தை முதலில் ஒரு தற்காலிகக் கோப்புக்கு எடுத்துவைத்துவிட்டுத்தான் எழுத விடும். பேக்கப் மென்பொருள் என்பிடி வழியாக வாசிப்பது அந்தக் கணத்தின் படம். கீழே விற்பனை நடந்துகொண்டே இருக்கும். முந்திய பேக்கப்புக்குப் பிறகு எந்தத் துண்டுகள் மாறின என்ற குறிப்பையும் கியூஎமுவால் வைத்திருக்க முடியும், அதையும் என்பிடி வழியாகவே கேட்டு மாறியதை மட்டும் எடுக்கலாம். லிப்வேர்ட் என்ற விஎம் மேலாண்மை மென்பொருளைப் பாவிப்பவர்கள் இதையெல்லாம் கையால் கோக்கத் தேவையில்லை, அதன் பேக்கப் கட்டளையே செய்து தரும். விஎம்முக்குள் கியூஎமுவின் கெஸ்ட் ஏஜென்ட் என்ற உதவி நிரலை நிறுவி, படம் எடுக்கும் கணத்தில் கோப்பு முறைமையைச் சற்று நிறுத்திவைக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

பாதுகாப்பு விஷயத்தில் என்பிடி அப்பாவி. இயல்பு நிலையில் கடவுச்சொல் கேட்காது, குறியாக்கமும் இல்லை. கியூஎமு-என்பிடிக்கு முகவரி சொல்லாவிட்டால் சேர்வரின் எல்லா இடைமுகங்களிலும் காது கொடுக்கும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபையும் கடைச் சேர்வரும் ஒரே ரௌட்டரில் தொங்கினால், நகை பார்க்க வந்தவர் இருந்த இடத்திலிருந்தே முழுக் கணக்கையும் வாசிக்கலாம். டிஎல்எஸ் குறியாக்கம் போட நெறிமுறையில் இடமுண்டு, சான்றிதழ் செய்வது புதியவருக்குத் தலையிடி. சுலபமான வழி, சேர்வரில் லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும் காது கொடுக்கச் சொல்லிவிட்டு, எஸ்எஸ்எச் சுரங்கம் (குறியாக்கம் செய்த இணைப்பு) வழியாக லாப்டொப்புக்குக் கொண்டுவருவது. இரண்டு நிரல்களும் ஒரே கணினியில் இருந்தால் வலையமைப்பே தேவையில்லை, யுனிக்ஸ் சொக்கெட் போதும்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்துச் சேர்வரின் டிஸ்க்கை மவுண்ட் செய்யலாமா என்று கேட்பவர்களும் உண்டு. செய்யலாம், பொறுமை வேண்டும். ஒரு கேள்வி போய்ப் பதில் வர 200 மில்லிசெக்கன் ஆகிறது என்று வைத்தால், ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் நிரலுக்குச் செக்கனுக்கு ஐந்து பதில்தான். 4 கிலோபைட் வீதம் கேட்டால் செக்கனுக்கு 20 கிலோபைட். ஃபைபர் எத்தனை மெகாபிட் என்றாலும் இது மாறாது. என்பிடிகொப்பி போன்றவை பல கேள்விகளை ஒரேயடியாக அனுப்பிவிட்டுக் காத்திருப்பதால் தப்பித்துக்கொள்ளும். ஃபோல்டர்களைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

ஐஸ்கசி பற்றி ஒரு சொல். அதுவும் டிஸ்க்கை வலையமைப்பில் கொடுப்பதுதான், போர்ட் 3260, விண்டோஸிலேயே அதற்கான கிளையன்ட் உண்டு. வருடக்கணக்கில் நிரந்தரமாகப் பொருத்திவைக்கும் சேமிப்பகத்துக்கு அதை எடுங்கள். அரைமணி நேரம் திறந்து பார்த்துவிட்டு மூடும் வேலைக்கு அதன் அமைப்பு வேலை மட்டுமே அரைநாள் எடுக்கும்.

பழகிப் பார்க்க விஎம்கூடத் தேவையில்லை. என்பிடிகிட்டில் 'மெமரி' என்ற செருகி இருக்கிறது, நினைவகத்திலேயே ஒரு 1 ஜிகாபைட் டிஸ்க் உருவாக்கித் தரும். அதை உங்கள் கணினியிலேயே இணைத்து, பார்ட்டிஷன் போட்டு, ஃபோர்மட் செய்து, சில கோப்புகளை எழுதுங்கள். பிறகு 'டிலே' வடிகட்டியைச் சேர்த்து ஒவ்வொரு வாசிப்பையும் 200 மில்லிசெக்கன் தாமதிக்கச் சொல்லுங்கள், தூர இணைப்பு எப்படி இருக்கும் என்று விரலிலேயே தெரியும். கடைசியாக, எழுதிக்கொண்டிருக்கும்போதே சேர்வரைக் கொன்றுவிட்டு, கேர்னல் பதிவில் என்னென்ன வரிகள் வருகின்றன என்று வாசித்துப் பாருங்கள்.